கரும்பு வெட்ட வரும் மக்களும் காசநோயும்

(வெட்டுப் பருவம் தொடங்குமுன், கரும்பு விவசாயிகள், வெட்டு மேஸ்திரிகள், மகளிர் சுய உதவிக் குழுவினர், ஊராட்சிச் செயலர்கள் ஆகியோர் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்னும் சில வாரங்களில் நமது வட்டாரத்தில் கரும்பு வெட்டுத் தொடங்கிவிடும். பவானிப் பாசனத்தில் விளைந்து நிற்கும் கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்ப நம்மூர்க் கைகள் மட்டும் போதா என்பதை நீங்கள் யாவரும் அறிவீர்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் ஜில்லாப் பக்கங்களிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவர். வெட்டு நாள் தள்ளிப் போனால் கரும்பின் எடையும் குறையும். சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே அவர்கள் எப்பொழுது வருவார்கள் என்று நாம் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறோம். வந்து இறங்கியபின் அவர்கள் எங்கே படுக்கிறார்கள், என்ன உண்கிறார்கள், யார் இருமுகிறார்கள் என்பதை மட்டும் நாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதுவே.

க்ஷயரோகம் என்று நம் முன்னோர் அழைத்த காசநோயைப் பற்றி முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கிருமி உடலில் புகுவது வேறு. நோய் உண்டாவது வேறு. 1882ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் என்பவர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். 2019 முதல் 2021 வரை நம் தேசம் முழுவதும் நடத்தப்பெற்ற ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உடலில் இக்கிருமி தொற்றியிருப்பது தெரியவந்தது. அந்தக் கணக்கின்படி பார்த்தால் இக்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பலரிடமும் அது இருக்கும். இதைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. கிருமி தொற்றிய 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்களிடம் அது உறங்கிக் கிடக்கும். அவர்களிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் இல்லை.

உறங்கும் கிருமியை எழுப்புவது எது? அரைவயிற்று உணவு, நீரிழிவு, பீடி, மது, எச்.ஐ.வி. தொற்று ஆகியவை. மேலும், கிருமி புதிதாகத் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் நோய் தலைகாட்டும் வாய்ப்பு மிகுதி. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, வெட்டுக்கு வரும் ஒரு குடும்பத்தின் ஒரு நாளைப் பாருங்கள். பொழுது புலருமுன் கணவனும் மனைவியும் தோட்டத்தில் இருப்பர். வெட்டுவதும், சோகை கழிப்பதும், கட்டுக் கட்டுவதும், லாரியில் பாரம் ஏற்றுவதும் அவர்கள் வேலை. டன் கணக்கில் கூலி என்பதால் உட்கார்ந்து இளைப்பாறிய நேரமெல்லாம் நஷ்டக் கணக்கில் சேரும். காலையில் பழைய சோறு. மாலையில் சோறும் புளிக்குழம்பும். பருப்பு வாரத்திற்கு இருமுறை கண்ணில் பட்டால் உண்டு. உடல் வலி தீர ஆண்கள் மதுக்கடையை நாடுவதும் நாம் அறியாததன்று.

ஆனால் கிருமி பரவும் இடம் தோட்டமன்று. திறந்த வெளியில் காற்று அதைச் சிதறடித்துவிடும், வெயில் கொன்றுவிடும். பரவும் இடம் இரவில் அவர்கள் படுக்கும் குடிசையாகும். வரப்போரத்தில் சோகையாலும் தார்ப்பாயாலும் கட்டிய அந்தக் குடிசைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். பனிக்கு அஞ்சி வாயிலையும் மறைத்துக்கொண்டு, 5 பேரும் 6 பேரும் நெருக்கிப் படுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நோய்வாய்ப்பட்டு இருமினால், இருமலில் கிளம்பும் நுண்துளிகள் அந்தக் காற்றிலேயே மணிக்கணக்கில் மிதக்கும். குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கும். நான்கைந்து மாதம் இவ்வாறு கழிகிறது.

“வெளியூர் ஆட்கள் நோயைக் கொண்டுவந்து விடுகிறார்கள்” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இது சரியான பேச்சன்று. மூன்றில் ஒருவர் என்பது எல்லா ஊருக்கும் சேர்ந்த கணக்கு. அவர்கள் உடலில் உறங்குகிற கிருமியை எழுப்பி விடுகிற வாழ்க்கை, அவர்கள் நம் தோட்டத்தில் வாழும் வாழ்க்கையாகவும் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருவோம். இந்நோய்க்கு மருந்து உண்டு. சர்க்கார் அதை இலவசமாகத் தருகிறது. முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்தும், அடுத்த நான்கு மாதம் மூன்று வகை மருந்தும் நாள்தோறும் விழுங்கினால் பெரும்பாலோர்க்கு நோய் குணமாகிவிடும். மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பிறருக்குப் பரவும் அபாயம் பெரிதும் குறைந்துவிடுகிறது. இவ்வளவு இருந்தும் வெட்டு ஆட்களிடையே இந்நோய் ஏன் தங்கி நிற்கிறது? மருந்துக்கு 6 மாதம் வேண்டும். அவர்களோ 6 மாதம் ஓரிடத்தில் இருப்பதில்லை. இது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை நாம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். மேஸ்திரிகள் வருந்த வேண்டாம். அது முன்பணம்.

பருவம் தொடங்குமுன்பே ஒவ்வொரு குடும்பமும் முன்பணம் வாங்கிவிடுகிறது. அது பெண்ணின் கல்யாணத்திலும், வீட்டுக் கூரையிலும், பழைய கடனிலும் கரைந்தும் விடுகிறது. வெட்டித்தான் கழிக்க வேண்டும். இந்நிலையில் ஒருவன் “எனக்கு இரண்டு வாரமாக இருமல்” என்று வாய் திறந்து சொல்வானா? சொன்னால் வேலை போகும். வேலை போனால் கடன் நிற்கும். ஆகவே, சோகைத் தூசியால் வந்த இருமல் என்று சொல்லி மறைத்துவிடுகிறான். மேஸ்திரிக்கும் அதை நம்புவதே சௌகரியம்.

சென்ற பருவத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து வந்த ஒருவர்; வயது 35 இருக்கும். ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதித்து மருந்து தொடங்கியிருந்தார். இரண்டு மாதத்தில் காய்ச்சல் நின்றது, பசி எடுத்தது, குணமாகிவிட்டது என்றே எண்ணிவிட்டார். வெட்டுக்குக் கிளம்பும்பொழுது கையில் ஒரு மாத மாத்திரை இருந்தது. ஊர் மாறிப் போகிறேன் என்று அங்கே சொல்லவில்லை. நோயாளி என்று இங்கேயும் சொல்லவில்லை. பொங்கலோடு மாத்திரை தீர்ந்தது. தை முடிவதற்குள் இருமல் திரும்பிவிட்டது. அதே குடிசையில் கர்ப்பிணி ஒருவரைப் பார்க்கச் சென்ற நமது கிராம சுகாதாரச் செவிலியர், கூரைச் சோகையில் செருகியிருந்த காலி மாத்திரை அட்டைகளைக் கண்டார். யாருடையவை என்று கேட்டார். எல்லோரும் மௌனமாயிருந்தார்கள். கடைசியில் அவருடைய ஐந்து வயது மகள்தான், “அப்பாவுது” என்றாள்.

பிறகு நடந்தவை விரைவாகவே நடந்தன. ஒவ்வொரு காசநோயாளிக்கும் நிக்ஷய் என்னும் கணினிப் பதிவில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு அவர் பதிவை நமது நிலையத்துக்கு அன்றே மாற்றினார்கள். சளியை மீண்டும் சோதித்து, கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிட்டதா என்று பார்த்தார்கள். நல்லவேளையாக மாறவில்லை. மாறியிருந்தால், உடலை மிகவும் வருத்தும் வேறு மருந்து வகைகளுக்குப் போக வேண்டியிருந்திருக்கும். குடிசையில் இருந்த மற்றவர்களையும் சோதித்தார்கள். நோய் இல்லை என்று கண்டபின் அந்தச் சிறுமிக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். தோட்டக்காரர் முதலில், “எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்” என்றுதான் சொன்னார். டாக்டர் போய்ப் பேசியபின், மோட்டார் அறைத் திண்ணையைப் படுக்கக் கொடுத்தார். மேஸ்திரி மீதிக் கடனை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வைத்தார். இவ்வாண்டு அவர் வெட்டுக்கு வரப்போவதில்லை; ஊரில் ஆடு வைத்திருக்கிறாராம்; எடை 7 கிலோ கூடியிருக்கிறதாம்.

மற்றொரு தோட்டத்தில் நடந்தது வேறு. இருமலோடு இரத்தம் துப்பிய ஒரு பெண்ணைக் கண்டவுடனே பஸ் செலவுக்குப் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். செவிலியருக்கும் சொல்லவில்லை, எவருக்கும் சொல்லவில்லை. அனுப்பியவர்கள் கொடியவர்கள் அல்லர், நோய்க்கு அஞ்சியவர்கள். அந்தப் பெண் பங்குனி பிறக்குமுன் இறந்துபோனார் என்பதை அவருடன் வேலை செய்தவர்கள் மூலம் பின்னர் அறிந்தோம். வீட்டில் வயதான மாமியாரும் கைக்குழந்தையும் இருந்தார்களாம்.

ஊருக்கு அனுப்பிவிட்டால் நம் கவலை தீர்ந்தது என்று எண்ணுவது எவ்வளவு பிழை என்பதைச் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியே வேறு வகையில் காட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் இந்நோய் கண்டவர்களை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்று நம்பினார்கள். தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டில் தோன்றிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ரயில் நிலையத்துக்கு நிற்கிறது. ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கானவர்கள்; அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? 1956ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் தலைமையில், நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை அவர்கள் குடிசையிலேயும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்க வைத்தது. மருந்து ஒழுங்காகச் சென்றால் குடிசையிலும் நோய் குணமாகும். வீட்டில் இருந்ததனால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. நோயாளியை விலக்கி வைக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் இங்கே ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சேத்துப்பட்டு நோயாளிக்கு வீடு என்று ஒன்று இருந்தது. அது இடம் பெயரவில்லை. மருந்து கொடுப்பவருக்கு அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரியும். கரும்பு வெட்டுபவரின் வீடு மார்கழியில் ஒரு தோட்டத்திலும் மாசியில் மற்றொரு தோட்டத்திலும் இருக்கிறது. வீட்டிலேயே வைத்தியம் என்ற திட்டம் அவருக்குப் பயன்பட வேண்டுமானால், அவர் போகும் இடமெல்லாம் மருந்தும் போக வேண்டும். அவர் இன்று எந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்பது டாக்டருக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியும். ஆகையால்தான் இன்று டாக்டர்களை மட்டும் கூட்டாமல் உங்களை அழைத்திருக்கிறோம்.

அந்தச் சென்னை ஆராய்ச்சியைச் சிலர் தவறாகவும் புரிந்துகொண்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சானடோரியத்து உணவு கிடைக்காதபோதும் நோய் குணமாயிற்று. ஆகவே உணவு ஒரு பொருட்டில்லை என்று பேசத் தொடங்கினார்கள். அப்பேச்சுக்கு விடை அண்மையில் கிடைத்தது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீடுகளில் உள்ள 10,000க்கு மேற்பட்டோரைப் பல மாதங்கள் கவனித்து வந்த ஆராய்ச்சியின் முடிவு 2023இல் வெளியாயிற்று. நோயாளிக்கு மட்டுமின்றி, உடன் வாழ்பவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்த வீடுகளில், புதிதாக நோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. ஊட்டம் தரும் உதவியே இதைச் செய்தது. இவ்விஷயத்தில் விவசாயிகளாகிய உங்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

உணவுக்கு வழிகள் இல்லாமலில்லை. 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பெற்ற உதவித்தொகை காசநோயாளிக்கு உண்டு. பாங்கிக் கணக்கு சரியாக இணைக்கப்படாமல் பலருக்கு அது தாமதமாகிறது. ஊராட்சிச் செயலர்கள் அந்தக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தாலே பெரும் உபகாரம். ரேஷன் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். 2020 அக்டோபர் முதல் நமது ராஜ்யமும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஆகவே கார்டைக் கையோடு கொண்டுவந்து, இங்குள்ள கடையில் அரிசி வாங்க வழியுண்டா என்று கேட்கும்படி மேஸ்திரிகள் சொல்ல வேண்டும். வெளி ராஜ்யத்து ஆட்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

வீண் பயங்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. தட்டாலும், தம்ளராலும், துணியாலும், கிணற்று நீராலும், கை தொட்டு வேலை செய்வதாலும் காசநோய் பரவாது. தனித் தட்டு வைத்து ஒருவரை அவமானப்படுத்துவதால் அடுத்த நோயாளி வாய் திறக்கமாட்டார் என்பதுதான் அதன் பயன். மருந்து தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும். இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையைக் குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. மருந்தின் நிறமே அது. முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டால் போதும்.

மேஸ்திரிகளுக்குச் சொல்வது இது. முன்பணம் கொடுக்கும் நாளில், ஆட்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, உடல் இளைப்போ உண்டா என்று கேளுங்கள். முன்னமே மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், அவரை விலக்காமல், அட்டையையும் பதிவு எண்ணையும் வாங்கி வரச் சொல்லுங்கள். நோய் என்று சொன்னவரின் கடனைப் பருவம் தள்ளி வாங்கிக்கொள்வதாக இன்றே இந்தக் கூட்டத்தில் வாக்களித்தால், மறைப்பதற்கு அவசியமே இராது. சென்ற ஆண்டு ஒருவர் செய்தார். அவர் தொழிலில் நஷ்டப்படவில்லை, இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பருவம் முடிந்து ஊர் திரும்பும்பொழுதும் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இங்கே தொடங்கிய மருந்து அங்கே தொடர அதுதான் வழி. யாரைக் கேட்பது என்று தெரியாதபோது 1800-11-6666 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம்.

தோட்டக்காரர்கள் குடிசை போட இடம் காட்டும்பொழுது, காற்றோட்டமான மேட்டு இடத்தைக் காட்டுங்கள். எதிரெதிரே இரண்டு திறப்பு விட்டுக் கட்டச் சொல்லுங்கள். கூரையை ஒரு முழம் உயர்த்தினால் செலவு நாலு மூங்கில். இருமுபவரைத் திண்ணையில் தனியே படுக்க வையுங்கள். ஊருக்கு அனுப்ப வேண்டாம்.

நோயாளியுடன் வாழ்பவர்களுக்குத் தடுப்பு மருந்தும் இப்பொழுது உண்டு. அதில் ஒருவகை வாரம் ஒரு முறையாக 12 வாரத்தில் முடிந்துவிடுகிறது. யாருக்கு எது என்பதை டாக்டர் சொல்வார். இடம் மாறும் மக்களுக்கு இந்த 12 வாரம் மிகவும் பொருந்தும் என்பது நமது எண்ணம். ஒரே பருவத்துக்குள் அடங்கிவிடுமல்லவா?

இவ்வாண்டு செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறோம். ஆட்கள் வந்து இறங்கும் நாளையும் தோட்டத்தையும் மேஸ்திரிகள் இன்றே ஊராட்சிச் செயலர்களிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இறங்கிய வாரத்திலேயே எக்ஸ்ரே வண்டி வரும். பகலில் வந்தால் கூலி போகும் என்பதனால் மாலை 5 மணிக்கு மேல் வரும்படி டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சளியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்று சோதிப்பார்கள்; ட்ரூநாட் என்னும் கருவி சில மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும். மாலை வேளை அடுப்பு மூட்டும் நேரமாகையால் பெண்கள் வரத் தயங்குவர். ஆகவே அன்றிரவுச் சோற்றைச் சமைத்துக் கொடுக்க இரண்டு மகளிர் குழுக்கள் முன்வந்திருக்கின்றன. அரிசியும் பருப்பும் யார் பொறுப்பு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கூட்டம் கலையுமுன் அதைப் பேசி முடித்துவிடுவோம்.